வாசல்வரை வந்த ஒலி

ஒருவரோடு தொடர்பு கொள்வதற்கு வழி வைத்திருப்பதும், அவரோடு தொடர்பு கொண்டிருப்பதும் ஒன்றாகுமா? மேலோட்டமாகப் பார்ப்போர்க்கு இக்கேள்வி வெறும் சொல் விளையாட்டாகவே தோன்றும். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். அண்மையில் நம் பிறந்த வீட்டில் நிகழ்ந்த ஒரு சிறு செயல் அவ்வெண்ணத்தை மாற்றியது.

கடலோரச் சிற்றூரில் உள்ள அவ்வீட்டில் நம் தமக்கையார் தனியே வாழ்கிறார். அகவை எழுபத்து நான்கு. மகன் வளைகுடா நாட்டில், மகள் பெங்களூரில். கடந்த மார்கழியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். நல்லவேளையாக எலும்பு முறியவில்லை. ஆயினும் ஒரு மணி நேரம் கழித்தே அண்டை வீட்டார் அறிந்து தூக்கி விட்டனர். செய்தி கேட்டு நடுங்கிய பிள்ளைகள், வீட்டிற்கு பிராட்பேண்ட் இணைப்புப் பெற்று அறைதோறும் கேமரா பொருத்துவதென்று முடிவு செய்தனர். அதை முன்னின்று முடிக்கும் பொறுப்பு தாய்மாமனாகிய நம்மைச் சார்ந்தது.

கூடத்து மேசையின்மேல், பூவேலை செய்த துணி போர்த்திய பழைய தொலைபேசி இன்னும் இருந்தது. 1882ஆம் ஆண்டிலேயே கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் தொலைபேசி நிலையங்கள் தோன்றிவிட்டன. எனினும் நம் வீட்டுக் கூடத்திற்கு அக்கருவி வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பதிவு செய்து பல ஆண்டுகள் காத்திருந்து, 1990களின் நடுவில் பெற்ற இணைப்பு அது. அந்நாளில் அதன் மணி ஒலித்தால் தெருவே செவி சாய்க்கும். பக்கத்து வீட்டாருக்கு வந்த அழைப்பைச் சொல்ல நம் வீட்டிலிருந்து ஒருவர் ஓடுவார். பின்னர்க் கைப்பேசி வந்தது, அம்மணி ஓய்ந்தது.

இணைப்பைப் பார்வையிட வந்த ஊழியர் ஒலிவாங்கியை எடுத்துக் காதில் வைத்தார். ஓசை இல்லை. வெளியே சென்று, கூரையிறம்பின் கீழிருந்த பெட்டியைத் திறந்து, தம் சோதனைக் கருவியைப் பொருத்தினார். "லைன் உயிரோடுதான் இருக்கு ஃபாதர். டயல் டோன் வாசல்வரை வருது. கோளாறு வீட்டுக்குள்ளேதான்" என்றார். உள்சுவரில் இருந்த சிறு பெட்டியைக் கழற்றியதும் உண்மை புலப்பட்டது. உப்புக் காற்றினால் செப்புக் கம்பியின் முனையில் பச்சைக் களிம்பேறி, தொடுப்பு அற்றுப் போயிருந்தது. முனையைச் சுரண்டித் திருகாணியை முடுக்கினார், ஒலி வந்துவிட்டது. சில நிமிட வேலை.

இப்படி எத்தனை காலம் கிடந்தது? அக்காவைக் கேட்டோம். "மூணு நாலு வருசம் இருக்கும் தம்பி. எடுத்து எடுத்துப் பார்ப்பேன், சத்தம் வராது. எல்லாருக்கும் ஆயிரம் வேலை, இதைப் போய் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டேன்" என்றார்.

அத்தனை ஆண்டுகளும் மாதக் கட்டணம் மகனின் வங்கிக் கணக்கிலிருந்து தவறாமல், தானாகவே செலுத்தப்பட்டு வந்தது. எவரும் எதையும் நிறுத்தவில்லை. கடமை குறைவின்றி நடந்தது. தாய் மட்டும் ஓசையற்ற கருவியைக் காதில் வைத்துக் காத்திருந்தார். மகனைக் குறை கூறுதல் எளிது. நாம் அவ்வெண்ணுக்கு ஒருமுறை அழைத்திருந்தாலும், பதில் வராமையே பழுதைச் சொல்லியிருக்கும். நாம் அழைக்கவில்லை. கைப்பேசியில் அவர் பேசாத நாள்களில், "உறங்குகிறார் போலும்" என்று நம்மை நாமே தேற்றிக்கொண்டோம். புழங்காத வழி அடைபட்டிருப்பதைப் புழங்காதவர் அறிய முடியாது. உறவுகள் பெரும்பாலும் பகையால் அறுவதில்லை, இவ்வாறே அறுகின்றன.

இனி பிராட்பேண்ட். மனிதக் குரலைத் தொலைபேசியில் கொண்டுசெல்ல ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான அலைகளே போதும். அதற்கு மேற்பட்ட அலைகளைக் கொண்டு அதே செப்புக் கம்பியில் இணையத்தையும் அனுப்பலாம். ஆனால் நிலையத்திலிருந்து தொலைவு மிகுந்தால் வேகம் குறையும். நம் வீடு தொலைவில் இருப்பதால், ஒளியிழைக் கம்பியைப் புதிதாக இழுத்து, பழைய எண்ணையே அதற்கு மாற்றித் தந்தனர். அவ்வூழியர் ஒன்றை எச்சரித்தார். செப்புக் கம்பியில் தொலைபேசிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் நிலையத்திலிருந்தே வந்தது. ஊர் இருண்டாலும் மணி ஒலிக்கும். ஒளியிழையில் வருவது ஒளி மட்டுமே. வீட்டில் உள்ள பெட்டிக்கு மின்சாரத்தை நாமே தரவேண்டும். அது நின்றால் தொலைபேசியும் ஊமையாகும். ஆகவே ஒரு பேட்டரியும் வாங்கி வைத்தோம்.

எஞ்சியது கேமரா. பிள்ளைகளின் அச்சம் நியாயமானது. கிணற்றடியில் கிடந்த அந்த ஒரு மணி நேரத்தை நினைப்பவர் எவரும் அதைத் தள்ளிவிட முடியாது. அக்காவோ அமைதியாக ஒன்று கேட்டார்: "விழுந்தா பார்த்துருவாங்க, சரி. விழாத நாள்ல என்னத்தைப் பார்ப்பாங்க?"

நம் வினாவுக்கு விடை இதனுள் இருப்பதாக உணர்ந்தோம். காண்பவர் காணப்படுபவரிடமிருந்து ஏதும் எதிர்பார்ப்பதில்லை. ஆபத்து நேரவில்லை என்று தெரிந்தால் அவர் மனம் நிறைந்துவிடுகிறது. பேசுபவரோ மறுமொழிக்காகக் காத்திருக்க வேண்டும். தம் நேரத்தைக் கொடுக்க வேண்டும். கேட்க விரும்பாததையும் கேட்க வேண்டும். முன்னது ஒருவரின் உடலைக் காக்கும். பின்னதே அவரை ஆளாக மதிக்கும். இரண்டும் தேவை. முன்னது இருப்பதால் பின்னது தேவையில்லை என்று கொள்வதே பிழை. தானாகச் செலுத்தப்பட்ட கட்டணம் செய்த அதே பிழையைக் கேமராவும் செய்யக்கூடும்.

எனவே அக்காவின் இசைவோடு கிணற்றடியிலும் முன்வாசலிலும் மட்டும் கேமரா பொருத்தினோம். படுக்கையறையும் அடுக்களையும் அவருக்கே உரியவை. இரவு எட்டு மணிக்கு மகன், மகள், நாம் என முறைவைத்து, கூடத்துத் தொலைபேசிக்கே அழைப்பதென்றும் உறுதி செய்தோம்.

இரண்டாம் வாரத்திலேயே நாம் முறை தவறினோம். ஏதோ வேலை, மறந்துபோயிற்று. எட்டரை மணிக்கு நம் கைப்பேசி ஒலித்தது. "தம்பி, லைன் நல்லாத்தான் இருக்கு. நீ நல்லா இருக்கியா?" என்றார் அக்கா.

அன்பர்களே, நம் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் எண்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. அவற்றுள் ஒரு முதியவரின் எண்ணை இன்று மாலை அழைத்துப் பார்ப்போம். மறுமுனையில் மணி ஒலிக்கிறதா என்பது அழைத்தால்தான் தெரியும்.