வலிக்கு வவுச்சர் உண்டா?

‘முட்டி வலி உயிர் போகுது டாக்டர்’ என்கிறார் ஒருவர். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த டாக்டர், ‘தேய்மானம் அவ்வளவா இல்லையே’ என்கிறார். இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஆனால், ஃபைலில் ஏறுவது எக்ஸ்ரேதான்.

பி.காம். படித்தவனுக்கு இது பழகிய சமாசாரம். ‘செலவு பண்ணினது நிஜம் சார்’ என்று சத்தியமே செய்தாலும், ஆடிட்டர் வவுச்சர் கேட்பார்.

முட்டிக்கு வவுச்சர் போடும் முறையை 1957-ல் இங்கிலாந்தில் கெல்கிரன், லாரன்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் வகுத்தார்கள். எலும்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு குறைந்திருக்கிறது, ஓரத்தில் எலும்பு எவ்வளவு துருத்தியிருக்கிறது என்று எக்ஸ்ரேயில் பார்த்து, 0 முதல் 4 வரை மார்க். இன்றும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

இப்போது அந்த மார்க்கைப் போட கம்ப்யூட்டர் வந்துவிட்டது. ஆயிரக்கணக்கான படங்களையும் அவற்றுக்கான விடைகளையும் கொடுத்துவிட்டால், புதுப் படத்துக்கு அதுவே விடை சொல்லும். பெயர், மெஷின் லேர்னிங். சரி, அந்த விடையை எழுதிக் கொடுத்தது யார்? பெரும்பாலும் டாக்டர்தான். அவர் கண்ணுக்குத் தப்பியது மெஷினுக்கும் தப்பும். வேகமாகத் தப்பும், அவ்வளவுதான்!

அமெரிக்காவில் எம்மா பியர்சன், ஸியாத் ஓபர்மையர் குழுவினர் இதை மாற்றிப் பார்த்தார்கள். 2021-ல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வந்த ஆய்வு அது. டாக்டர் போட்ட மார்க்குக்குப் பதிலாக, ‘எனக்கு இவ்வளவு வலிக்கிறது’ என்று நோயாளி சொன்னதையே விடையாகக் கொடுத்தார்கள். அங்கே ஒரே மார்க் வாங்கிய முட்டிகளிலும் கறுப்பின மக்கள் கூடுதல் வலி சொல்வது வழக்கம். ‘மனசு, டென்ஷன், வாழ்க்கைச் சூழல்’ என்று அதற்குப் பல வியாக்கியானங்கள். வெள்ளையருக்கும் அவர்களுக்கும் உள்ள அந்த வலி வித்தியாசத்தில் பழைய மார்க்கால் விளக்க முடிந்தது 9 சதவிகிதம். புது மெஷின் விளக்கியது 43 சதவிகிதம். அதே எக்ஸ்ரேதான் சார்! காரணத்தில் கணிசமான பங்கு முட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறது. பார்க்கத்தான் யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. யாருக்கு ஆபரேஷன், யாருக்கு வெறும் மாத்திரை என்று முடிவு செய்வதில் அந்த மார்க்குக்குப் பங்கு உண்டு என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

அடுத்து தெர்மல் கேமரா. மூட்டில் அழற்சி இருந்தால் மேல்தோல் சூடாகும். ஒரு டிகிரியில் பத்தில் ஒரு பங்கு வித்தியாசத்தைக்கூட அது படம் பிடிக்கும். கதிர்வீச்சு இல்லை, தொடவே வேண்டாம். அந்தப் படங்களையும் மெஷினுக்குப் பழக்குகிறார்கள். நல்ல முயற்சிதான். ஆனால், தேய்ந்த முட்டி எல்லாம் சுடுவதில்லை. வெயிலில் நடந்து வந்தாலும், ஏ.சி-யில் உட்கார்ந்திருந்தாலும் தோலின் சூடு மாறும். ‘சூடே இல்லையே, எப்படி வலிக்கும்?’ என்று நாளைக்குக் கேட்க ஆரம்பித்தால்?

பொய் வலி சொல்கிறவர்களே இல்லையா? இருக்கிறார்கள். லீவு லெட்டர் எழுதிய யாருக்கும் அது தெரியும். அந்தச் சிலரைப் பிடிப்பதற்காக, மாடிப்படியில் ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறும் அம்மாளிடம் போய் வவுச்சர் கேட்பதுதான் எனக்கு நியாயமாகப் படவில்லை.