அப்படியே

"அப்படியே மாத்திக் குடுத்திருங்க தம்பி."

பொறியியல் பட்டம் வாங்கியதிலிருந்து நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். மலாக்காவில் நான் படித்தது மின்னியல். இப்போது தொழிற்சாலையில் பார்ப்பது இயந்திரப் பராமரிப்பு. ஆனால் தாமானில் ஒரு பையன் இஞ்சினியர் என்று தெரிந்துவிட்டால் போதும், வைஃபை முதல் பிரிண்டர் வரை எல்லாம் அவன் தலையில்தான். அதில் அடிக்கடி வருவது பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதைப் புதியதற்கு மாற்றும் வேலை. படம், பாட்டு என்றால் சிக்கல் இல்லை. "புரோகிராம் எல்லாம் அப்படியே வேணும்" என்பார்கள் பாருங்கள், அந்த 'அப்படியே'வில்தான் வம்பு இருக்கிறது.

முதலில் 'மாற்றுவது' என்ற சொல்லையே கொஞ்சம் பார்க்க வேண்டும். ஒரே வட்டுப் பகுதிக்குள் ஒரு கோப்பை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தினால் அந்தக் கோப்பு அசைவதே இல்லை. அது எங்கே இருக்கிறது என்று குறித்து வைத்திருக்கும் பட்டியல் மட்டும் மாறுகிறது. 10 ஜிபி சினிமா என்றாலும் கண்சிமிட்டும் நேரத்தில் வேலை முடிவது அதனால்தான். வேறு வட்டுக்கு நகர்த்தினால் நடப்பதே வேறு. அங்கே புதிதாக ஒரு படி எழுதப்படுகிறது. எழுதி முடித்ததும் பழையது அழிந்ததாகக் குறிக்கப்படுகிறது. ஒன்று பெயர்ப்பதிவு, மற்றது ஒரு பிறப்பும் ஒரு சாவும். கணினி இரண்டுக்கும் 'மூவ்' என்றே பெயர் வைத்திருக்கிறது.

நிறுவப்பட்ட மென்பொருள் என்றால் இன்னும் சிக்கல். டாஸ் காலத்தில் பெரும்பாலும் ஒரு மென்பொருளின் உடைமை எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கும். தூக்கி வேறு இடத்தில் வைத்தாலும் ஓடும். விண்டோஸ் 95 வந்து ரெஜிஸ்ட்ரி என்ற பெரிய பேரேடு பரவலான பிறகு கதை மாறிவிட்டது. நான் இதைத் தோட்டத்தை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். ஒரு குடும்பம் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தால் லயத்தில் வீடு கிடைப்பதோடு முடிவதில்லை. கிராணியின் செக்ரோலில் பெயர் ஏறும், கடையில் கணக்குத் திறக்கும், பிள்ளைக்கு ஆயாக்கொட்டகையில் இடம் போடுவார்கள். அந்த வீட்டைப் பெயர்த்துக்கொண்டு போய் வேறு தோட்டத்தில் வைத்தால் காலையில் பெரட்டுக்களத்தில் யாரும் அந்தப் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். மென்பொருளும் அப்படித்தான். அதன் ஃபோல்டர் ஓரிடம், பெயரும் முகவரியும் ரெஜிஸ்ட்ரியில், பிறரோடு பகிரும் கோப்புகள் விண்டோஸின் சொந்த ஃபோல்டரில், நம் பழக்கவழக்கங்கள் பயனர் ஃபோல்டரின் ஏதோ ஒரு மூலையில். ஃபோல்டரை மட்டும் தூக்கிப் புது வட்டில் வைத்துச் சொடுக்கினால், ஏதோ ஒரு கோப்பைக் காணவில்லை என்று ஒரு பெட்டி வந்து நிற்கும்.

ஆக நம்பகமான வழி இரண்டுதான். புதிதாக நிறுவலாம், அல்லது தோட்டத்தையே மொத்தமாகப் பெயர்த்துக்கொண்டு போகலாம். அதாவது வட்டை செக்டர் செக்டராக நகலெடுப்பது. சிதறிக் கிடப்பதைத் தேடிப் பொறுக்கி மாற்றித் தருவதாகச் சொல்லும் கருவிகளும் உண்டு. சில நேரம் வேலை செய்யும்.

பேராக்கில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரின் கணினி என்னிடம் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி. மைக்ரோசாப்ட் அதற்கான ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரல் 8-இல். அவர் நிறுத்தவில்லை. 80 ஜிபி வட்டு 'டக் டக்' என்று சத்தம் போட ஆரம்பித்திருந்தது. உள்ளே அவர் பிறந்து வளர்ந்த தோட்டத்தைப் பற்றிப் பல ஆண்டுகளாக எழுதிச் சேர்த்தவை. யார் எந்த லயத்தில் இருந்தார்கள், யாருக்கும் யாருக்கும் வெட்டுப் பகை, எந்தக் கித்தா மரத்தடியில் எந்தச் சாமி என்று எல்லாம். அந்தத் தோட்டம் இப்போது வீடமைப்புப் பகுதி. அதனால் இந்த எழுத்தைத் தவிர அதற்கு வேறு முகவரி கிடையாது.

எழுதியது யூனிகோட் பரவலாவதற்கு முந்தைய எழுத்துரு ஒன்றில். அதை விற்ற நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவர் கோப்பைத் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளுமாகக் கொட்டிக் கிடக்கும்.

அவருடைய மகள் தெளிவானவர். "தம்பி, புது லேப்டாப் வாங்கிட்டேன். எல்லாத்தையும் யூனிகோட்ல மாத்திப் போட்டுருங்க. இந்தப் பழைய பெட்டி எதுக்கு லா?" அவர் கேட்டது நியாயம்தான். அப்பாவின் எழுத்து இன்னும் இருபது ஆண்டு கழித்தும் யாராவது படிக்கும்படி இருக்க வேண்டும் என்பதே அவர் கவலை. ஆசிரியர் மட்டும் அதே வாக்கியத்தைச் சொன்னார். அப்படியே.

மாற்றிப் பார்த்தேன். பழைய எழுத்துருக்களில் எழுத்துகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் சேமிக்கப்படும். 'கெ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு. ஆகவே மாற்றும் நிரல் ஒவ்வொரு கொம்பாகப் பிடித்து இடம் மாற்ற வேண்டும். ஔகாரத்தில்தான் அது தடுக்கி விழும். அவருடைய எழுத்துருவில் ஔகாரத்தின் வலப்பாதியும் ளகரமும் ஒரே குறி. ஒரு கொம்பு, ஒரு எழுத்து, பின்னால் ஒரு ள வந்தால் அது ஔகாரமா, தனி ளகரமா என்று நிரலுக்குத் தெரியாது. இணையத்தில் பழைய கட்டுரைகளில் 'வௌியே' என்று பார்த்திருப்பீர்களே, அது இப்படிப் பிறந்ததுதான். ஆசிரியரின் கோப்புகளில் அது 'வௌ்ளி'யாக வந்தது. நமக்கு வெள்ளி என்றால் கிழமையும் உண்டு, காசும் உண்டு. தோட்டத்துக் கதையில் கூலி, கடன், கூட்டு, மொய் எல்லாம் வெள்ளிக் கணக்குத்தான். பக்கத்துக்குப் பக்கம் காசு இப்படி உடைந்து கிடந்தது.

இதைத் தேடித் திருத்தலாம். திருத்த முடியாதது இன்னொன்று இருந்தது. வேர்டுக்கு அவர் எழுதியது தமிழ் என்றே தெரியாது. அதன் கண்ணில் அது பிழை மலிந்த ஆங்கிலம். எல்லாச் சொல்லுக்கும் அடியில் சிவப்புக் கோடு போட்டிருக்கிறது. கோட்டைப் பார்க்கச் சகிக்காத ஆசிரியர், ஒவ்வொரு சொல்லாக 'அகராதியில் சேர்' என்பதை அழுத்தி வந்திருக்கிறார். ஓர் ஆசிரியர் சிவப்பு மையைப் பொறுத்துக்கொள்வாரா! பயனர் ஃபோல்டருக்குள் ஆழத்தில் இருந்த அந்த அகராதிக் கோப்பில் ஆயிரத்துக்கும் மேல் சொற்கள். தீம்பாரு, பெரட்டு, கிராணி, கித்தா. கணினியைப் பொறுத்தவரை அவை அனைத்தும் ஆங்கிலச் சொற்கள். புதிதாக நிறுவியிருந்தால் இந்தக் கோப்பை யாரும் தேடிப்போய் எடுத்திருக்க மாட்டார்கள். எல்லா மென்பொருளும் ஒழுங்காக ஓடும், எல்லாக் கட்டுரையும் திறக்கும், ஆனால் முதல் வரியைத் தட்டியதுமே அவருக்குத் தெரிந்துவிடும், இது தன் கணினி இல்லை என்று.

பிறகு நகலெடுத்தேன். பழுதான வட்டுக்கென்றே டிடிரெஸ்க்யூ என்று ஓர் இலவச நிரல் உண்டு. படிக்க முடிந்த இடங்களை முதலில் எடுத்துவிடும், முரண்டு பிடிக்கும் இடங்களுக்குப் பிறகு திரும்பத் திரும்பப் போகும். இரவு முழுக்க ஓடியது. கடைசியில் மூன்று செக்டர்கள் வரவே இல்லை. செக்டருக்கு 512 பைட். தேடிப் பார்த்ததில் மூன்றுமே எந்தக் கோப்புக்கும் சொந்தமில்லாத காலி இடத்தில் இருந்தன.

இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிட் கணக்கில் புது வட்டு பழையதன் சரியான நகல் இல்லை, மூன்று ஓட்டை இருக்கிறது. ஆனால் உலகத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியப்போவதில்லை. அகராதியை விட்டுவிட்டுப் புதிதாக நிறுவிய கணினியிலோ எந்தப் பொறியாளரும் குறை கண்டுபிடிக்க முடியாது, ஒரே ஒருவரைத் தவிர. 'அதேதான்' என்று தீர்ப்புச் சொல்லும் உரிமை யாருக்கு? தத்துவ வகுப்பில் தீசியஸின் கப்பலைக் காட்டி, பலகை எல்லாம் மாறிய பிறகும் அது அதே கப்பலா என்று கேட்பார்கள். கேள்வி எப்போதும் பலகையைப் பற்றித்தான். அதில் ஏறிப் போனவர்களை யாரும் கேட்டதாக நான் படிக்கவில்லை.

நம்மிடம் இதைவிட நல்ல கதை இருக்கிறது. பெரியபுராணத்தில் வரும் திருமூலர் கதை. சாத்தனூரில் மேய்ப்பன் மூலன் இறந்து கிடக்கிறான், மாடுகள் சுற்றி நின்று கதறுகின்றன. அந்த வழியே வந்த யோகியார் இரங்கி, தம் உடலை ஓரிடத்தில் வைத்துவிட்டு மூலனின் உடலுக்குள் போகிறார். கூடுவிட்டுக் கூடு பாய்தல். மூலன் எழுந்ததும் மாடுகள் மகிழ்ந்து மேய்கின்றன, மாலையில் வழக்கம்போல் வீடு திரும்புகின்றன. பிறகுதான் மூலனின் மனைவி வருகிறாள். உனக்கும் எனக்கும் உறவில்லை என்கிறார் அவர். அவள் ஊராரிடம் முறையிடுகிறாள். அவர்கள் பார்த்துவிட்டு, இவர் யோக நிலையில் இருக்கிறார், இனி உனக்குக் கிடைக்கமாட்டார் என்கிறார்கள். யோகியார் திரும்பிப் போய்த் தேடினால் பழைய உடலும் அங்கே இல்லை.

சின்ன வயதில் கோயிலில் இதைக் கேட்டபோது நான் யோகியாரைத்தான் பார்த்தேன். இப்போது அந்தப் பெண்ணைப் பார்க்கிறேன். மாடுகளுக்கு அது மூலனேதான். மேய்க்க ஓர் ஆள் வேண்டும், ஆள் இருக்கிறான். அவளுக்கு அது போதவில்லை. மாடுகளைக் குறை சொல்ல முடியாது. அந்த ஆசிரியரின் எழுத்தைப் படிக்கக் காத்திருக்கும் நானும் நீங்களும் ஒருவகையில் மாடுகள்தான், நமக்கு யூனிகோட் போதும். ஆனால் அது போதும் என்று அவர் சார்பில் நாம் சொல்ல முடியுமா? சொல்ல முடியாது என்றுதான் எனக்குப் படுகிறது. அந்த ஊர்க்காரர்களாவது ஒன்று செய்தார்கள், அவளிடம் உண்மையைச் சொன்னார்கள். 'அதே ஆள்தான் போம்மா' என்று அனுப்பிவைக்கவில்லை. மகளுக்கு வேண்டிய யூனிகோட் பிரதியை நான் செய்து கொடுத்தேன். அதை 'மாற்றியாச்சு' என்று மட்டும் சொல்லவில்லை. இது வேறொன்று, பழையது அந்தப் பெட்டியில் இருக்கிறது என்று சொன்னேன்.

உரிமம் என்றும் ஒரு தொல்லை உண்டு. அந்த எழுத்துருவின் மென்பொருள், தான் இருக்கும் வட்டுப் பகுதியின் வரிசை எண்ணைப் பார்த்துத்தான் திறக்கும். புதிதாக நிறுவினால் சாவி எண் கேட்கும், கொடுப்பதற்கு நிறுவனமே இல்லை. செக்டர் நகலில் அந்த எண்ணும் கூடவே வந்துவிட்டதால் சத்தமில்லாமல் திறந்துகொண்டது. இது ஏமாற்று வேலையா என்று யோசித்தேன். அவர் காசு கொடுத்து வாங்கியது, ஒரே கணினியில்தான் இருக்கிறது, ஒருவர்தான் பயன்படுத்துகிறார். ஒப்பந்தத்தின் உயிர் கெடவில்லை. ஆனால் பழைய வட்டு மேசைமேல் இருக்கும்வரை இரண்டு இருக்கின்றனவே? கோயில் திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்து சாமியின் சக்தியைக் கும்பத்துக்கோ படத்துக்கோ எழுந்தருளச் செய்வார்கள். அதன் பிறகு கருவறையில் யாரும் தீபம் காட்டுவதில்லை. இரண்டு இடத்துக்கும் பூசை கிடையாது. விண்டோஸ்கூட, ஒரே அடையாள எண்ணோடு இரண்டு வட்டுகளைச் செருகினால் ஒன்றை ஆஃப்லைனில் தள்ளிவிடுகிறது.

இதைவிடப் பெரிய கேள்வி வேறு இடத்தில் இருந்தது. செக்டர் நகல் காலி இடத்தையும் அள்ளிக்கொண்டு வரும். காலி என்றால் உண்மையில் காலி இல்லை. அழித்த கோப்புகளின் மிச்சம் அங்கேதான் கிடக்கும், மீட்க நினைத்தால் பலவற்றை மீட்கலாம். அப்படியே வேண்டும் என்று கேட்டவருக்கு அப்படியேவில் என்னென்ன இருக்கிறது என்று தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தவன் சும்மா இருந்தால் அவர் தூக்கிப்போட்ட குப்பையை அவர் அறியாமல் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்த மாதிரி. எங்கள் தொழிலில் ஒரு பிரதியை 'எதுக்கும் இருக்கட்டும்' என்று தன்னிடம் வைத்துக்கொள்ளும் பழக்கம் வேறு உண்டு. கேட்காமல் அப்படி வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை, எவ்வளவு நல்லெண்ணம் இருந்தாலும்.

கேட்டேன். "சார், நீங்க அழிச்சதும் சேர்ந்து வந்திருக்கும். அது இருக்கட்டுமா?"

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அழிச்சதை அழிச்சதாவே விட்டுருங்க தம்பி. யோசிச்சுத்தான் அழிச்சேன்."

புது வட்டின் காலி இடம் முழுக்க வேறெதையோ எழுதி நிரப்பினேன். மூன்று ஓட்டைகளோடு போன நகல் இப்போது இன்னும் எத்தனையோ ஜிபி தூரம் மூலத்திலிருந்து விலகிவிட்டது. அவர் உட்கார்ந்து ஒரு பக்கம் தட்டிப் பார்த்தார். சிவப்புக் கோடு இரண்டே இடத்தில்தான் வந்தது, இரண்டும் புதுச் சொற்கள். சேர்த்துக்கொண்டார். பழைய வட்டை வீட்டுக்குப் பின்னால் வைத்துத் துளைபோட்டோம், டிரில்லை அவர்தான் பிடித்தார்.

யூனிகோட் பிரதியை மகள் அச்செடுத்துக் கொடுத்திருக்கிறார். 'வௌ்ளி'களை அவர் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டு வருகிறார். போன வாரம் நாற்பதாம் பக்கத்தில் இருந்தார்.