பணிமனையும் முகமலர்ச்சியும்

பெருநகரத்துத் துணிக்கடை ஒன்றினுள் நாம் நுழைகின்றோம். பணிப்பெண் ஒருத்தி புன்முறுவலுடன் வரவேற்கின்றாள். பத்துச் சேலைகளை விரித்துக் காட்டியும் நாம் ஒன்றும் வாங்காது எழுகின்றோம். அவள் முகம் வாடவில்லை. கடைக்காரர் தம் ஊழியரை நன்கு பழக்கியிருக்கின்றார் என்று மெச்சிக்கொண்டே வெளியேறுகின்றோம். ஆனால், காலை முதல் இரவு வரை அப்பெண் நின்றுகொண்டேயிருப்பதையும், அவள் அமர ஒரு முக்காலியும் அங்கு இல்லாததையும் நம்முள் எத்தனை பேர் கண்டோம்? கடை ஊழியர்க்கு இருக்கை அளித்தல் வேண்டும் என்று கேரளம் 2018-ஆம் ஆண்டிலும், தமிழ்நாடு 2021-ஆம் ஆண்டிலும் சட்டத்தைத் திருத்த நேர்ந்தது. உட்காருவதற்கும் ஒரு சட்டம்! புன்னகையைக் கட்டளையிட்டுப் பெற்றவர்கள், முக்காலியைக் கட்டளையின்றிக் கொடுக்கவில்லை.

ஆகவே நாம் கேட்க வேண்டிய வினா இது: பணிமனையில் மகிழ்ச்சி நிலவச் செய்வது யாருடைய கடமை? ஊழியன் முகமலர்ச்சியோடு வரவேண்டும் என்பர் பலர். பகவன் புத்தரின் விடை வேறு.

இராசகிருகத்தில் சிகாலன் என்னும் இல்லறத்தான், தந்தையின் இறுதி மொழியைக் காக்கும்பொருட்டு, நாள்தோறும் வைகறையில் நீராடி ஈர ஆடையுடன் ஆறு திசைகளையும் தொழுது வந்தான். அதனைக் கண்ட பகவன், அவனை இகழவில்லை. மெய்யான திசைவணக்கம் யாது எனப் போதித்தார். கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், மேல்திசை துறவோர். காலடியிலுள்ள திசையோ ஏவலரும் தொழிலாளரும் ஆவர். இங்கு ஊன்றி நோக்குதல் வேண்டும். ஏவல் செய்வோரை ஏவுதற்குரியவராக மட்டும் பகவன் வைத்தாரில்லை. தொழுதற்குரிய திசையாகவே வைத்தார்.

அத்திசையைத் தலைவன் ஐந்து வகையால் பேணுதல் வேண்டும்: வலிமைக்கேற்ற வேலையைப் பகிர்ந்தளித்தல், உணவும் ஊதியமும் தருதல், நோயுற்ற காலத்துப் பேணுதல், அரிய சுவைப்பண்டம் கிட்டியபோது பங்கிடுதல், தக்க காலத்தில் ஓய்வளித்தல். இவ்வாறு பேணப்பட்ட ஊழியரும் ஐந்து வகையால் அன்பு காட்டுவர்: தலைவனுக்கு முன் எழுவர், பின் துயில்வர், கொடுத்ததையே கொள்வர், வேலையைச் செவ்வனே செய்வர், அவன் நற்பெயரைப் பரப்புவர்.

இவ்விரண்டின் வரிசையை மாற்றுதலே இன்றைய பிழை. தலைவனின் கடமை முன்னே நிற்கின்றது. ஊழியரின் அன்பு அதன் பின்னே வருகின்றது. ஐந்தும் செய்யாத தலைவன் முகமலர்ச்சியை மட்டும் கேட்பது, விதைக்காதவன் அறுவடைக்கு அரிவாளொடு வருவதை ஒக்கும். அவன் பெறுவது மலர்ச்சியன்று. அச்சம் அணிந்த முகமூடி.

இரக்கம் காட்டினால் ஊழியர் சோம்புவர் என்பார் உளர். ஆற்றலுக்கேற்ற வேலையைப் பகிர்தல் சோம்பலுக்கு இடங்கொடுத்தல் ஆகாது. செவ்வனே செய்தலையும், கொடாததைக் கொள்ளாமையையும் ஊழியரின் அறமாகவே பகவன் வகுத்திருக்கின்றார்.

இனி, தலைவன் நல்லவனாயினும் உடன் பணிபுரிவோர் உள்ளத்தில் நஞ்சிருந்தால் என்ன பயன்? அண்ணல் அம்பேத்கர் மேனாட்டில் உயர்கல்வி கற்று, 1917-ஆம் ஆண்டில் பரோடா அரசுப் பணியில் அமர்ந்தார். அவரைப் பணித்தவர் மன்னர். ஆயினும் கடைநிலை ஊழியர் தீட்டுக்கு அஞ்சிக் கோப்புகளைத் தொலைவிலிருந்தே அவர் மேசைமீது எறிந்தனர். அலுவலகத்தில் குடிநீரும் அவருக்கு மறுக்கப்பட்டது என்று அவர் வரலாறு கூறுகின்றது. ஊதியம் இருந்தது, பதவி இருந்தது, வரவேற்பு இல்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குடிநீர், ஓய்வறை, உணவகம் ஆகியவற்றை முதலாளிகளுக்கு விதித்தது. நீரை வைக்கச் சட்டத்தால் இயலும்; நீர்க் குவளையை முகங்கோணாது நீட்டும் கையைச் சட்டம் எங்ஙனம் படைக்கும்?

அதற்கு வழி காட்டியோர் அனுருத்தர், நந்தியர், கிம்பிலர் என்னும் மூன்று பிக்குகள். கோசிங்க சாலவனத்தில் அவர்கள் பாலும் நீரும்போல் கலந்து வாழ்ந்தனர். ஐயமேற்று முதலில் திரும்புபவர் இருக்கையிட்டு நீர் வைப்பார். கடைசியில் திரும்புபவர் எல்லாவற்றையும் எடுத்து வைத்து இடத்தைப் பெருக்குவார். நீர்க்குடம் வெறுமையாயிருப்பதைக் கண்டவர் நிரப்புவார். தனியே தூக்க இயலாவிடின் கைகாட்டி மற்றொருவரை அழைத்து இருவருமாகத் தூக்குவர். இது யார் முறை என்ற வழக்கு அங்கு எழவில்லை. தம் விருப்பத்தை ஒதுக்கி மற்றவர் உள்ளத்தின்படி நடப்பதே தம் பேறென அவர்கள் எண்ணினர். மகிழ்ச்சியைத் தேடி அவர்கள் ஒன்றும் செய்யவில்லை. குடத்தை நிரப்பினர், மகிழ்ச்சி தானே வந்தது.

முதலாளிகளுக்கு உரைத்ததோடு நம் கடமை முடிந்துவிடாது. நம் இல்லத்தில் பாத்திரம் துலக்கும் அம்மைக்கு நாம் எந்தக் குவளையில் தேநீர் தருகின்றோம்? அவர் நோயுற்றுக் கிடந்த நாளுக்குக் கூலியைக் கழிக்கின்றோமா? நம் சங்க மண்டபத்தைப் பெருக்குபவர், வைசாக விழாவன்று நம்மோடு பந்தியில் அமர்கின்றாரா, அன்றி எச்சிலிலை எடுக்கக் காத்து நிற்கின்றாரா? மும்மணிகளைச் சரணடைந்தோம் என்னும் நாம், புத்தர் திருவுருவின்முன் கைகூப்புமுன், காலடியிலுள்ள திசையை ஒருகணம் குனிந்து நோக்குவோமாக. அங்கே நிற்பவர் அமர இருக்கை உண்டா என்று காண்பதே அன்றைய முதல் வணக்கம்.