தணிக்கை எனும் சாட்சியம்

ஆடிட் என்று நாம் அன்றாடம் வழங்கும் சொல் இலத்தீன் மொழியிலிருந்து வந்தது. அதன் வேர்ச்சொல்லுக்குக் கேட்டல் என்பது பொருள். எழுத்தறிவு அரிதாயிருந்த இடைக்கால ஐரோப்பாவில், பண்ணையின் வரவு செலவைப் பொறுப்பாளர் வாய்விட்டுச் சொல்ல, உடையவரின் சார்பில் ஒருவர் அமர்ந்து கேட்பார். அவரே ஆடிட்டர். லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் தலைவர் தம் வீட்டுப் பொறுப்பாளரை அழைத்துக் கணக்கை ஒப்புவிக்கச் சொல்வதும் இத்தகைய காட்சியே. தணிக்கை என்ற தமிழ்ச்சொல்லோ திரைப்படத்தை வெட்டுவதற்கும் வழங்குவதால், நம்மில் பலருக்கு அது காதைவிடக் கத்திரிக்கோலையே நினைவூட்டுகிறது.

இன்று இச்சொல் கணக்கறையைக் கடந்து தொழிற்கூடத்துக்குள்ளும் மருத்துவமனைக்குள்ளும் புகுந்துவிட்டது. தர மேலாண்மை என்னும் துறையில் பொருளைச் சோதிப்பது ஒன்று. பொருள் உருவாகும் முறையைச் சோதிப்பது வேறொன்று. ஊசிமருந்துக் குப்பி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே துகள் மிதக்கிறதா என்று பார்ப்பது பரிசோதனை. அக்குப்பியைக் கழுவிய நீர் எவ்வாறு தூய்மை செய்யப்பட்டது, கழுவியவருக்குப் பயிற்சி தந்தவர் யார், நேற்றுத் துகள் காணப்பட்டபோது அதன் காரணத்தை எவரேனும் தேடினார்களா என்று வினவுவது தரத் தணிக்கை. நிறுவனம் தானே தன்னைத் தணிக்கை செய்துகொள்வதுண்டு. வாங்குபவர் வந்து செய்வதுண்டு. இருவரையும் சாராத மூன்றாமவர் வந்து செய்து சான்றிதழ் வழங்குவதும் உண்டு. 1987ல் ஐ.எஸ்.ஓ. 9000 வரிசைத் தரநெறிகள் வெளிவந்த பின்னர் இந்த மூன்றாம் வகை உலகெங்கும் பரவிற்று. தணிக்கை என்பது முறையாகவும் சார்பின்றியும் சான்றுகளைத் திரட்டி, வகுக்கப்பட்ட நெறியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று அத்துறையின் வழிகாட்டி நெறிகள் வரையறுக்கின்றன. தம் வேலையைத் தாமே தணிக்கை செய்தலாகாது என்பது அதில் பாலபாடம்.

இதில் அறநெறிக்கு என்ன வேலை என்று வினவலாம். சான்றிதழ் யாருக்காக எழுதப்படுகிறது என்று எண்ணிப் பார்த்தால் அது விளங்கும். மருந்தை உட்கொள்ளும் நோயாளியால் மருந்தாலைக்குள் நுழைய இயலாது. சட்டையை வாங்கி அணிபவர் அதைத் தைத்தவரைக் காணப் போவதில்லை. தைப்பவரும் தம் தலைக்கு மேலுள்ள கூரை உறுதியானதா என்று தாமே அளந்து அறிய வல்லவர் அல்லர். இவர்கள் அனைவருக்கும் பதிலாக ஒருவர் உள்ளே செல்கிறார். வெளியே வந்து ‘நான் கண்டேன்’ என்று கையொப்பமிடுகிறார். ஆகவே அவர் தருவது வெறும் தாள் அன்று, சாட்சியம். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற எட்டாம் கட்டளை நீதிமன்றக் கூண்டில் நிற்பவருக்கு மட்டும் தரப்பட்டதன்று.

பாகிஸ்தானில் கராச்சியின் பல்தியா பகுதியில் அலி எண்டர்பிரைசஸ் என்ற ஆடைத் தொழிற்சாலை இருந்தது. 2012ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அதற்கு எஸ்.ஏ. 8000 என்ற சான்றிதழ் கிடைத்தது. தொழிலாளரின் பாதுகாப்பும் உரிமைகளும் பேணப்படுகின்றன என்பதற்கான சான்றிதழ் அது. வழங்கியது இத்தாலிய நிறுவனம். தணிக்கைப் பணியை அது உள்ளூர் நிறுவனம் ஒன்றிடம் ஒப்படைத்திருந்தது. சில வாரங்களில், செப்டம்பர் 11 அன்று, அக்கட்டடத்தில் தீப்பற்றியது. சன்னல்களில் இரும்புக் கம்பிகள். வெளியேறும் வழிகள் பூட்டிக் கிடந்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீ வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்று 2020ல் பாகிஸ்தான் நீதிமன்றம் தீர்ப்பளித்து இருவருக்கு மரண தண்டனை விதித்தது. அத்தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டாலும், தீ வைத்தவர்கள் கதவுகளைப் பற்றிச் சான்றிதழ் எழுதவில்லை. யார் வைத்த தீயானாலும் மக்கள் வெளியே ஓட வழி இருக்க வேண்டும் என்பதற்காகவன்றோ அந்நெறி வகுக்கப்பட்டது.

பிரான்சு நாட்டு நிகழ்ச்சி வேறு வகையானது. பி.ஐ.பி. என்ற நிறுவனம், மார்பகத்தில் பொருத்தப்படும் செயற்கை உறுப்புகளைச் செய்து பல நாடுகளுக்கு அனுப்பியது. புற்றுநோயால் மார்பகம் இழந்த பெண்களும் அவற்றைப் பொருத்திக்கொண்டவர்களுள் அடங்குவர். மருத்துவத் தரமற்ற, தொழிற்பயன்பாட்டுச் சிலிக்கோனை அந்நிறுவனம் அவற்றில் நிரப்பி வந்தது 2010ல் வெளிப்பட்டது. ஆண்டுதோறும் தணிக்கை நடந்துகொண்டுதான் இருந்தது. தணிக்கையாளர் வரும் நாள் முன்னரே தெரிந்திருந்தது. ஆதலின் காட்டத் தகாதவை அந்நாளுக்குள் மறைக்கப்பட்டன. நிறுவனர் 2013ல் தண்டிக்கப்பட்டார். முன்னறிவிப்பின்றியும் சென்று பார்க்க வேண்டும் என்று அதே ஆண்டில் ஐரோப்பிய ஆணையம் பரிந்துரைத்தது. தலைவன் எந்த நாழிகையில் வருவான் என்று பணியாளன் அறியான் என்ற உவமையை ஞாயிறுதோறும் வாசித்து வந்த ஒரு கண்டத்துக்கு இது தோன்ற இத்தனை காலம் ஆயிற்று!

ஏமாற்றப்பட்டவரை எப்படிக் குறை கூறுவது? தணிக்கையாளர் சர்வமும் அறிந்தவர் அல்லர். ஓரிரு நாள்களில் நூற்றில் ஐந்து ஏடுகளைப் புரட்டி, பத்துப் பேரிடம் பேசித் திரும்புகிறவர். நம் அறநெறி இறையியல் இங்கே ஒரு வேறுபாட்டைக் கற்பிக்கிறது. வெல்ல முடியாத அறியாமை உண்டு. அதற்கு மனிதர் பொறுப்பாளி ஆகார். முயன்றால் வெல்லக்கூடிய அறியாமை உண்டு. அது குற்றத்தை முற்றும் நீக்காது. இவ்விரண்டுக்கும் அப்பால், அறிந்துவிடக் கூடாதென்றே பேணிக்கொள்ளும் அறியாமை உண்டு. அது குற்றத்தைக் கூட்டும். பூட்டிய அறையின் முன் நின்று, ‘சாவி இல்லை’ என்ற மறுமொழியைப் பெற்று, அடுத்த கேள்விக்குத் தாளைப் புரட்டுகிறவர் இவற்றுள் எதனைச் சேர்ந்தவர்? அவர் எழுதிய வரிகள் ஒவ்வொன்றும் உண்மையாகவே இருக்கலாம். தீயணைப்புக் கருவி எத்தனை என்று எண்ணியிருப்பார். எண்ணிக்கை சரியாகவே இருக்கும். ஒரு பொய்யும் எழுதாமல் பொய்ச்சாட்சி சொல்ல முடியும் என்பதே இத்தொழிலின் தனித்த ஆபத்து. தணிக்கைக்குரிய கட்டணத்தைத் தருபவர் தணிக்கைக்கு உட்படுபவரே என்ற ஏற்பாடு அந்த ஆபத்தை இன்னும் பெருக்குகிறது.

தானியேல் நூலின் 13ஆம் அதிகாரம் கத்தோலிக்க விவிலியத்தில் உள்ளது. சூசன்னாவின்மேல் பழி சுமத்திய இருவரும் மக்களின் மூப்பர்கள். அவ்வாண்டு நடுவர்களாக அமர்த்தப்பட்டவர்கள். அவர்களுடைய பதவியையே சபை சான்றாக ஏற்று, அப்பெண்ணுக்குச் சாவுத் தீர்ப்பு அளித்தது. தானியேலோ அவர்களைத் தனித்தனியே பிரித்து நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டாய் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். ஒருவர் ஒரு மரத்தையும் மற்றவர் வேறு மரத்தையும் சொன்னார்கள். அவ்வளவே. அவர்களுடைய ஒழுக்கத்தைப் பற்றி நெடிய வாதம் வேண்டியிருக்கவில்லை. சிறியதொரு விவரமும், அதைத் தனியே கேட்கும் பொறுமையும் போதுமானதாயின. தணிக்கையாளருக்கு இன்று கற்பிக்கப்படும் முறையும் இதுவே: மேலாளர் அருகில் இல்லாதபோது தொழிலாளியைக் கேள்; வருகைப் பதிவேட்டின் நேரத்தை ஊதியப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார். எனக்கோ தானியேலைவிட அந்தச் சபையே அதிகக் கலக்கம் தருகிறது. அவர்கள் கொடியவர்கள் அல்லர். நம்பத் தகுந்தவர்கள் சொன்னதை நம்பினார்கள். நாம் பெட்டியின்மேல் அச்சிட்ட முத்திரையை நம்புவதைப் போல.

கேட்க ஆள் இருந்தாலும் சொல்ல நா எழ வேண்டும். ஏற்றுமதிக்குத் தைக்கும் ஆலைகளில் பணிபுரிந்தோருக்கு ஆடிட் நாள் எப்படியிருக்கும் என்று தெரியும். கழிவறை கழுவப்படும், கையுறைகளும் முகக்கவசங்களும் வெளிவரும், எத்தனை மணி நேரம் வேலை என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதும் முன்தினமே கற்பிக்கப்படும். உண்மையைச் சொன்னவருக்கு மறுநாள் வேலை இருக்குமா என்பதைத் தணிக்கையாளரால் உறுதி கூற இயலாது. தர மேலாண்மையின் முன்னோடிகளுள் ஒருவரான எட்வர்ட்ஸ் டெமிங், தாம் வகுத்த 14 நெறிகளுள் ஒன்றாக அச்சத்தை விரட்டுவதையும் வைத்தார். பொறியாளரும் புள்ளியியலாரும் படிக்கும் நூலில் அச்சத்துக்கு என்ன இடம் என்று முதலில் வியப்பாயிருக்கும். அஞ்சுகிறவர் தரும் எண்கள் பொய்யாயிருக்கும். பொய் எண்களின்மேல் எந்தப் புள்ளியியலும் நிற்காது. அவர் கண்டது இவ்வளவுதான்.

ஆலைகளை மட்டும் பேசிவிட்டு ஆலயத்தை விட்டுவிடுவது நேர்மையாகாது. 1563ல் திரிதெந்து பொதுச்சங்கம் ஆயர்கள் தம் மறைமாவட்டத்தை ஒழுங்காகச் சென்று பார்வையிடும்படி கட்டளையிட்டது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 396ஆம் எண், ஐந்தாண்டுகளுக்கு ஒரு முறையேனும் மறைமாவட்டம் முழுவதும் பார்வையிடப்பட வேண்டும் என்கிறது. பங்கின் பதிவேடுகள் சரிவர எழுதப்படுகின்றனவா என்று பார்ப்பது மறைவட்ட அதிபரின் கடமைகளுள் ஒன்று. ஆயர் வருகிறார் என்றதும் கோவிலுக்குச் சுண்ணாம்பு அடித்து, தோரணம் கட்டி, மனத்தாங்கல் உள்ளவர்களை அவர் கண்ணில் படாத மூலையில் அமர்த்தும் வழக்கத்தை அறியாத பங்கு உண்டா? 1287ஆம் எண் மேலும் ஒன்று சொல்கிறது: நம்பிக்கையாளர் காணிக்கையாக அளித்த பொருளுக்கு நிர்வாகிகள் நம்பிக்கையாளருக்கே கணக்குத் தர வேண்டும். சில பங்குகளில் அக்கணக்கு அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படுகிறது. சிலவற்றில் திருப்பலி முடிவில் வாசிக்கப்படுகிறது. அதற்குள் பாதிப் பேர் மிதிவண்டி நிறுத்துமிடத்துக்குப் போய்விடுகிறோம்.