வளர்த்த கையும் வெட்டும் கையும்

செஞ்சிக் கோட்டைக்கு வடக்கே திருநாதர்குன்றில், ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர் உருவங்கள் இரண்டு வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரைக் குறிக்கும் பழைய கல்வெட்டும் அங்கேதான் இருக்கிறது. தமிழ்ச் சமணர்களின் மடம் உள்ள மேல்சித்தாமூரும் அதிகத் தொலைவில் இல்லை. இதே வட்டாரத்தில்தான் மேல்மலையனூர் அங்காளம்மனும் கோயில் கொண்டிருக்கிறாள். அம்மனுக்குக் கோழி நேர்ந்துகொள்வது இங்குள்ள பல குடும்பங்களில் தலைமுறை வழக்கம். இப்படிப்பட்ட ஊரில், இதுவரை கடையில் கறி வாங்கியவர் முதன்முதலாக வீட்டில் கறிக்காகக் கோழி வளர்க்கத் துணியும்போது ஒரு கேள்வி எழுந்தே தீரும்: விலைக்கு வாங்கித் தின்றபோது இல்லாத பாவம் இப்போது வந்து சேருமா? சேராது என்பதே என் எண்ணம். ஏற்கெனவே அவர் பேரில் இருந்த பாவம் இப்போது அவர் கண்ணுக்குத் தெரிகிறது, அவ்வளவுதான்.

‘நான் கொல்லவில்லை, காசு கொடுத்து வாங்கினேன்’ என்ற சமாதானத்தைத் தமிழ் அறநூல்கள் என்றோ விசாரித்துத் தள்ளிவிட்டன. தின்பவர் இல்லையென்றால் விற்பவரும் இருக்கமாட்டார் என்று திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரம் வாங்குபவரைத்தான் பிடிக்கிறது. தமக்கென்று கொல்லப்பட்டதாகக் காணாத, கேளாத, ஐயுறாத ஊனைப் பிக்குகள் ஏற்கலாம் என்பது பௌத்த விதி; ஊன் உண்ணும் அந்த வழக்கத்தைத்தான் சமண நூலான நீலகேசி பௌத்தர்களோடு வாதாடிக் கண்டிக்கிறது. சமணம் ஒரு வினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று வழியாலும் கணக்கிடும். யசோதர காவியம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. உயிருள்ள பலிக்கு மனமில்லாத அரசன், தாயின் சொல்லுக்கு இணங்கி மாவினால் செய்த சேவலை வெட்டுகிறான். ஒரு சொட்டு ரத்தம் சிந்தவில்லை. ஆனாலும் தாயும் மகனும் விலங்காகவும் பறவையாகவும் பல பிறவி அலைந்து, கோழிகளாகவும் பிறந்து சாகிறார்கள். எண்ணமே வினை என்று இவ்வளவு கடுமையாகச் சொன்ன மரபில், கடைக்காரரின் கத்திக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள இடம் ஏது?

அரசுச் சட்டமும் இந்த இடத்தில் தடுமாறியிருக்கிறது. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் தமிழக அரசு திடீரென்று கண்டிப்பாக அமல்படுத்தியது. எதிர்ப்புக்குப் பின் 2004இல் சட்டமே விலக்கப்பட்டது. அந்த மாதங்களிலும் கறிக்கடைகள் வழக்கம்போல நடந்தன. கொலையைத் தடுப்பது நோக்கமாக இருந்தால் அப்படி நடந்திருக்காது. பலர் முன்னிலையில், சாமி பேரைச் சொல்லிக் கொல்வதுதான் உறுத்தியிருக்கிறது. கண்ணில் படாதது குற்றமாகாது என்ற எண்ணம்தான் இதிலும் இருக்கிறது.

இனி, கனமான ஆட்சேபம். அந்நியன் கொல்வதைவிட, தீனி வைத்த கையே கழுத்தைப் பிடிப்பது கொடுமையல்லவா, அது துரோகமல்லவா? இதை லேசாக ஒதுக்கிவிட முடியாது. அடைவைத்த 21ஆம் நாள் ஓட்டைக் கொத்தி வெளியே வரும் குஞ்சுக்கு நொய் தூவி, கரையான் பிடித்துப் போட்டு, காக்கைக்கும் பருந்துக்கும் பயந்து பஞ்சாரம் கவிழ்த்து, வெள்ளைக் கழிச்சல் வராமல் மருந்து கொடுத்து வளர்த்தவர் கூப்பிட்டால் அந்தச் சேவல் ஓடிவரும். அந்த ஓட்டத்தைப் பார்த்தும் மனம் கலங்காதவரைப் பற்றித்தான் நாம் கவலைப்பட வேண்டும். ஆனால் வளர்த்தவர் அந்த உயிருக்குக் கொடுத்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும்: ஐந்தாறு மாத வெயில், குப்பைமேட்டைக் கிளறிய நாட்கள், புழுதியில் சிறகடித்துக் குளித்த மத்தியானங்கள். கொட்டகையில் ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு ஊதவைக்கப்படும் பிராய்லருக்கு இதில் எதுவும் கிடையாது. சில கோழிகள் தம் எடையைத் தாமே தாங்க முடியாமல் காலை மடக்கி உட்கார்ந்துவிடுகின்றன. பிராய்லரின் வாழ்வும் சாவும் தின்பவர் கண்ணில் படுவதே இல்லை. துரோகம் என்ற சொல் இரண்டில் எதற்கு அதிகம் பொருந்தும்? விலை மலிந்த பிராய்லர் ஏழை வீட்டுக்கும் கறியைக் கொண்டுவந்தது உண்மை. அந்த வீடுகளைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. முற்றமும் தீனியும் நேரமும் வாய்த்தவர்களை நோக்கித்தான் பேசுகிறேன்.

‘அப்படியானால் தின்பதையே விட்டுவிடலாமே’ என்று மேல்சித்தாமூரிலிருந்து ஒருவர் கேட்டால், அவர் கேட்பது நியாயம். வீட்டில் வளர்ப்பதால் கொலை புண்ணியமாகிவிடாது. அம்மனுக்குப் படைத்துவிட்டுத் தின்றாலும் வெட்டிய கை வெட்டிய கைதான். வீட்டு வளர்ப்பில் உள்ள ஒரே மேன்மை, தின்பவர் தன் செயலின் முழு அளவையும் தெரிந்துகொண்டு தின்கிறார் என்பது. அந்த அறிவு சிலரை நிறுத்தியும் விடும். நிறுத்தினால் அந்த வளர்ப்பு வீணாகிவிட்டது என்று நான் எண்ணமாட்டேன். எனக்கு ஒப்பாதது வேறொன்று. தன் சேவலை வெட்ட மனம் வராமல், பக்கத்து வீட்டுச் சேவலோடு மாற்றிக்கொண்டு அதை வெட்டித் தின்பது. கை நடுங்குகிறவர் தன் சேவலை முற்றத்திலேயே விட்டுவிடட்டும். ஆனால் அன்றைக்குக் கறிக்கடைக்கும் போகாமல் இருக்க வேண்டும்.