ஒரு தோளுக்கு எத்தனை பை?

வேண்டுவது எது, வேண்டாதது எது என்னும் வினா அறவாழ்வின் தலைவாயிலில் நிற்பது. மாளிகை, பொன், பதவி ஆகியவற்றைக் குறித்து இவ்வினா எழுந்தால் விடை கூறுதல் எளிது. அவை பெரியவை, அவற்றின்மீது எழும் ஆசையும் பெரிது, பெரிய ஆசை கண்ணுக்குத் தெரியும். ஆனால் பயனுள்ளதும் விலை மிகாததும் எவரும் குறைகூறாததுமான ஒரு சிறு பொருளின்மீது எழும் ஆசை, தேவையின் உடையை உடுத்திக்கொண்டு வருகிறது. ஆதலின் அதனை இனங்காணுதல் கடினம். அத்தகைய சிறு பொருள்களுள் ஒன்றாகிய காமிராப் பையை எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம்.

காமிராப் பைக்கும் அறத்துக்கும் என்ன தொடர்பு என்று அன்பர்கள் வினவலாம். கொச்சியில் உள்ள மட்டாஞ்சேரித் தெருக்களில் ஒருநாள் நடந்து பார்ப்போர்க்கு அத்தொடர்பு விளங்கும். 1568இல் எழுந்த பரதேசி யூத ஆலயம், போர்த்துகீசியர் கட்டி 1663இல் டச்சுக்காரர் புதுப்பித்தமையால் டச்சு அரண்மனை என்று பெயர்பெற்ற மாளிகை, மிளகும் சுக்கும் மணக்கும் பழைய கிடங்குகள் ஆகிய இவையெல்லாம் நடந்தே பார்த்துவிடக்கூடிய தொலைவில் உள்ளன. 2012 முதல் கொச்சி-முசிறி கலைவிழாவும் அவ்வூருக்கு உலகத்தவரை அழைத்து வருகின்றது. ஆதலின் அங்கே தோளில் பையும் கையில் காமிராவுமாக உலவுவோர் பலர். அதே தெருக்களில் தோளில் மூட்டை சுமந்து செல்வோரும் உளர். முன்னவர் தம் சுமையைத் தாமே தேர்ந்துகொண்டவர்; பின்னவர்க்குத் தேர்வு என்பது இல்லை. இவ்விரு தோள்களும் ஒரே தெருவில் எதிர்ப்படும்போது, சுமையைப் பற்றிய அறவினா தானே எழுகின்றது.

முதலில் பையின் பயனைக் கூறுவோம். நாள்தோறும் படமெடுக்கும் பழக்கமுடையார்க்குப் பை ஆடம்பரமன்று. கொச்சியில் ஜூன் தொடங்கித் தென்மேற்குப் பருவமழை பெய்கின்றது. ஐப்பசி, கார்த்திகையில் மீண்டும் மழை உண்டு. கடற்காற்றின் உப்பு உலோகத்தை அரிக்கும். ஈரப்பதம் ஒளிவில்லையில் பூஞ்சை படரச் செய்யும்; ஒருமுறை பூஞ்சை கண்ணாடியை அரித்துவிட்டால் அதன் தெளிவு திரும்புவது அரிது. படகில் ஏறும்போதும் நெருக்கடியான சந்தில் நுழையும்போதும் காமிரா இடிபடும். இவற்றினின்று காப்பது பை.

அதனைத் தேர்ந்துகொள்ளும் முறையும் எளியதே. காமிராவையும் உண்மையில் பயன்படும் ஒளிவில்லைகளையும் மேசைமேல் வைத்து அளந்து, அவை மட்டும் அடங்கும் பையைக் கொள்ள வேண்டும். பெரிய பை வாங்கினால் வெற்றிடம் வெற்றிடமாக இராது. ஏதேனும் வந்து நிரப்பும். நிரம்பியது தோளை அழுத்தும். தோள்வார் அகன்றிருத்தல் நன்று. வாய் திறக்குங்கால் ஓசை எழாதிருத்தல் நன்று. பற்றுப்பட்டை ‘பர்ர்’ என்று கிழியும் ஓசை எதிரில் இருப்பவரைத் திடுக்கிடச் செய்யும். தோற்பை அவ்வூரின் ஈரத்தில் தானே பூசணம் பூக்கும்; மெழுகூட்டிய கித்தான் துணி தாங்கும். எப்பையாயினும் அது எடுத்துச் செல்லுதற்கே உரியது. வீட்டில் காமிராவை மூடிய பைக்குள்ளேயே மாதக்கணக்கில் வைத்திருப்போர், காப்பதாக எண்ணிப் பூஞ்சையை வளர்க்கின்றனர். காற்றுப்புகாப் பெட்டியில், ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளுடன் வைப்பதே முறை.

இவ்வளவோடு நின்றால் அறவினா எழாது. ஆனால் நடப்பது யாது? ஒரு பை வாங்கியவர் சில திங்களில் இரண்டாவது ஒன்றை நாடுகின்றார். முதற்பை சிறிது; ஆகவே பெரியதொன்று. பெரியது கனம், ஆகவே நடுத்தரமானதொன்று. இது மழைக்கு, அது பயணத்துக்கு, மற்றொன்று திருமண வீட்டுக்கு. பத்துப் பைகள் அலமாரியில் அடுக்கப்பெற்ற பின்னும், குறையே இல்லாத பை எங்கோ இருப்பதாக நம்பித் தேடுவார் உளர். புகழ்பெற்ற பைகளின் வரலாறோ வேறு கதை கூறுகின்றது. 1973இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற பில்லிங்ஹாம் நிறுவனம் முதலில் தைத்தவை மீன்பிடிப்போர்க்கான பைகள். நியூயார்க்கில் புகைப்படக்காரர் சிலர் அவற்றை வாங்கிக் காமிராவுக்குப் பயன்படுத்துவதை அறிந்த பின்னரே அது காமிராப் பைக்குத் திரும்பிற்று. ஜிம் டொம்கே என்பவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து நாளிதழொன்றின் புகைப்படக்காரர். தம் அன்றாட வேலைக்கேற்ற பை கிடைக்காமையால் 1970களில் தாமே ஒன்றை வகுத்துக்கொண்டார். இரண்டும் வேலையிலிருந்து பிறந்தவை. இன்றோ வேலைக்குச் செல்லாமலே அலமாரியில் வாழும் சேகரிப்புப் பொருள்களாகவும் அவை ஆகிவிட்டன.

ஏன் இவ்வாறு ஆகின்றது? ஒருவர் புதிய பையை வாங்குங்கால் உண்மையில் வாங்குவது பையை அன்று. அப்பையைத் தோளிலிட்டு நடக்கப்போகும் வேறொரு தம்மையே வாங்குகின்றார். விடியற்காலையில் எழுந்து, கடலோரம் சென்று, அரிய படங்களை எடுக்கப்போகும் ஒருவர் அவர் மனக்கண்ணில் தோன்றுகின்றார். பை வருகின்றது, அம்மனிதர் வருவதில்லை. வராமைக்குக் காரணம் பையின் குறை என்று மனம் கூறுகின்றது. ஆகவே அடுத்த பை. வேட்கை என்பது பொருளைப் பற்றியது போலத் தோன்றினும், ‘நான் இவ்வாறு ஆகவேண்டும்’ என்னும் கற்பனையைப் பற்றியே சுழலுவது. பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் தம் வாழ்நாட் பணியின் பெரும்பகுதியைச் சிறிய லைக்கா காமிராவையும் 50 மில்லிமீட்டர் ஒளிவில்லையையும் கொண்டே முடித்தார் என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

பையின் வரலாறு பௌத்த மறைகளிலும் உண்டு. பிக்குகளின் பிட்சாபாத்திரம் சேதமுறலாயிற்று. ஆகவே பாத்திரத்துக்கு ஒரு பையும், அப்பையைத் தோளில் மாட்ட ஒரு வாரும் வைத்துக்கொள்ளப் பகவர் இசைவளித்தார் என்று வினயம் கூறுகின்றது. துறவிக்குங்கூடத் தோட்பை மறுக்கப்படவில்லை. ஏனெனில் அது ஒரு கேட்டை நீக்குகின்றது. ஆனால் அதே வினயத்தில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. சில பிக்குகள் பாத்திரங்களைச் சேர்த்துக் குவித்தனர். அதனைக் கண்ட மக்கள், இச்சாக்கியத் துறவிகள் பாத்திரக் கடை வைக்கப்போகின்றனரோ என்று நகைத்தனர். அதன்மேல் மிகைப் பாத்திரம் தடுக்கப்பட்டது. அப்போது ஆனந்தருக்கு ஒரு மிகைப் பாத்திரம் கிடைத்தது. அவர் அதனைச் சாகேதத்திலிருந்த சாரிபுத்திரருக்கு அளிக்க விரும்பினார். சாரிபுத்திரர் வர ஒன்பது அல்லது பத்து நாள் ஆகும் என்று அறிந்த பகவர், மிகைப் பாத்திரத்தைப் பத்து நாள் வரை வைத்திருக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார். இத்தளர்வின் நுட்பம் கருதத்தக்கது. மிகைப்பொருள் கையில் இருக்கலாம். பிறரிடம் போய்ச் சேரும் வழியில் அது இருக்க வேண்டும்.

மற்றொரு விதி, பழைய பாத்திரத்தில் ஐந்து ஒட்டுக்கள் விழுவதற்குமுன் புதியது வேண்டலாகாது என்பது. இவ்விதி பிறந்த காரணம் உருக்கமானது. கபிலவத்துவில் ஒரு குயவர் பிக்குகளுக்குப் பாத்திரம் தர முன்வந்தார். அளவறியாத சிலர் மேன்மேலும் கேட்டனர். அவரால் விற்பனைக்குரிய பாண்டங்களைச் செய்ய இயலாது போயிற்று. அவர் மனைவி மக்கள் துன்புற்றனர். எனவே மிகையான வேட்கை வேட்பவரை மட்டும் கெடுப்பதன்று. அது எங்கோ ஓர் உழைப்பாளியின் அடுப்பையும் தொடுகின்றது.

நாம் துறவிகள் அல்லேம், இல்லறத்தார். இவ்விதிகள் நம்மைக் கட்டா என்பது உண்மை. தைத்த கையின் திறனைப் போற்றி நல்ல பைகளைத் தொகுத்துப் பேணுவதில் என்ன பிழை என்றும் கேட்கலாம். இல்லறத்தார்க்குப் பகவர் தடை விதித்தாரல்லர். அநாதபிண்டிகருக்கு நான்கு இன்பங்களை எடுத்துரைத்தார். நேர்மையாக ஈட்டிய பொருள் உண்டென்னும் இன்பம் ஒன்று. அதனைத் துய்த்தலும் நற்செயலில் ஈடுபடுத்தலுமாகிய இன்பம் இரண்டு. கடனின்மை மூன்று. குற்றமின்மை நான்கு. முதல் மூன்றும் சேர்ந்து நான்காவதன் பதினாறில் ஒரு பங்குக்கும் ஈடாகா என்பதே அவ்வுரையின் முடிபு.

இந்நான்கையும் பைக்குப் பொருத்திப் பார்ப்போம். நேர்மையான வருவாயில் வாங்கிய பை முதலாம் இன்பத்தைத் தரும், அதிற் குற்றமில்லை. ஆனால் அலமாரியிலேயே கிடக்கும் பத்தாவது பை உடைமையாகின்றதேயன்றித் துய்ப்பாகவில்லை. இரண்டாம் இன்பம் அங்கே தோன்றுவதில்லை. தவணை முறையில், வட்டி செலுத்தி வாங்கிய பையோ மூன்றாம் இன்பத்தை விற்று முதலாம் இன்பத்தைக் கொள்வதாகும். தொகுப்பவர் தம் தொகுப்பைப் பிறர் கண்டு கற்கத் திறந்து வைத்தாலும், தேவைப்படும் இளைஞர்க்கு இரவலாகத் தந்தாலும், அத்தொகுப்பு மீண்டும் துய்ப்பின்பாற் படும். ஆதலின் எண்ணிக்கை மட்டும் அறத்தை முடிவு செய்வதன்று. பொருள் ஓடுகின்றதா, தேங்குகின்றதா என்பதே வினா. மணிமேகலையின் கையில் இருந்தது ஒரே பாத்திரம். அது தேங்கவில்லை என்பதே அதன் பெருமை.

நான்காவதாகிய குற்றமின்மைக்கு இரண்டு முகங்கள் உண்டு. ஒன்று, பையைச் செய்தவரை நோக்கிய முகம். தோலைப் பதப்படுத்தும் கைகளைத் தீண்டத்தகாதவை என்று ஒதுக்கி, அக்கைகள் செய்த பொருளை மட்டும் விரும்பி அணிந்த சமூகம் நம்முடையது. அந்த இழிவு நம்மவர் பலரின் குடும்ப நினைவில் இன்றும் ஆறாதிருக்கின்றது. மகாராட்டிரத்தில் 2015இல் மாட்டிறைச்சித் தடை வந்து தோல் தொழிலாளர் வாழ்வு தாக்குண்ட பின்னர், மும்பையில் சுதீர் ராஜ்பர் என்னும் ஓவியர் ‘சமார்’ என்ற அச்சாதிப் பெயரையே பெருமைக்குரிய பெயராக ஏற்று ஒரு பட்டறையைத் தொடங்கினார். அங்கே தாராவித் தொழிலாளர் மறுபயன் ரப்பரைக் கொண்டு பைகள் செய்கின்றனர். ஒரு பையைத் தேர்வோர் அதன் அறைகளை எண்ணுவதோடு நில்லாது, அதனைத் தைத்தவர் யார், அவர்க்குக் கிடைத்தது என்ன என்றும் கேட்டல் குற்றமின்மையின் ஒரு பகுதி.

மற்றொரு முகம், படத்தில் விழுபவரை நோக்கியது. மட்டாஞ்சேரிக்கு அண்மையில், ஃபோர்ட் கொச்சியில், ‘தோபிகானா’ என்னும் சலவைக்களம் உள்ளது. டச்சுக்காரர் காலத்தில் தமிழகத்திலிருந்து கொணரப்பட்டவர்களின் வழியினர் என்று கூறப்படும் தமிழர் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வருகின்றன. முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணியைச் செருகி அவர்கள் உலர்த்தும் காட்சி படமெடுப்போர்க்கு விருந்து. இதே மட்டாஞ்சேரியில்தான் துறைமுகத் தொழிலாளர் கூட்டத்தினிடையே உலோக வில்லைகளை வீசியெறிந்து, முண்டியடித்துப் பிடித்தவர்க்கு மட்டும் அன்றைய வேலை என்னும் ‘சாப்பா’ முறை இருந்தது. அதனை எதிர்த்தெழுந்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. தொழிலாளர் உயிர் ஈந்தனர். உழைப்பவரின் முகம் காட்சிப்பொருளாக வீசப்பட்ட வில்லையன்று. கிடைத்தவர் எடுத்துக்கொண்டு போவதற்கு அது அங்கே இல்லை. ஒருவரின் பல திங்கள் ஊதியத்துக்கு ஈடான பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, அவரிடம் ஒரு சொல்லும் கேளாமல் அவர் உழைப்பைப் படமாக்கிச் செல்வோர்க்கு முதல் மூன்று இன்பங்கள் இருக்கலாம்; நான்காவது இராது.

இனி முடிபு கூறுவோம். பை வைத்துக்கொள்க; அது கேட்டை நீக்கும். அளந்து கொள்க, தோள் நன்றி கூறும். புதியதை நாடுமுன் பழையதில் எத்தனை ஒட்டு உண்டு என்று எண்ணிப் பார்க்க. கிழிந்த வாரை மாற்றித் தரும் தையற்காரர் ஒவ்வோர் ஊரிலும் இன்னும் இருக்கின்றனர். மிகையாக வந்ததைப் பத்து நாளைக்குள் இல்லாவிடினும் இவ்வாண்டுக்குள்ளேனும், படமெடுக்கக் கற்கும் ஒருவர் கையில் சேர்க்க. பையின் ஒரு சிறு அறையை மட்டும் காமிராவுக்கு ஒதுக்காது, சென்றமுறை எடுத்த படங்களின் அச்சுப்படிகளுக்கு ஒதுக்குக. சலவைக்களத்திற்கு மறுபடி செல்லும்போது, கேட்டு எடுத்த படத்தை உரியவர் கையில் கொடுத்துவிட்டு வருக. அந்த அறை போகும்போது நிரம்பியும் வரும்போது காலியாகவும் இருக்குமாயின், அந்தப் பையே போதும்.