கட்டிலருகே கற்றதை வகுப்பறைக்குக் கொண்டு போ!

பிசியோ தம்பியே, தங்கையே! "நமக்கெதற்கு ஆராய்ச்சி? கைவேலை தெரிந்தால் போதும்" என்று இனி ஒருமுறையும் சொல்லாதே. அந்தக் கைக்குத் தெரிந்தது எவ்வளவு என்று உனக்கே தெரியவில்லை!

1956. நியூசிலாந்தின் வெலிங்டனில் ராபின் மெக்கென்சி என்ற பிசியோவின் சிகிச்சை அறை. காலுக்கு இறங்கிய முதுகுவலியோடு வந்தவரைக் குப்புறப் படுக்கச் சொன்னார். முந்தைய நோயாளிக்காகத் தலைப்பக்கம் உயர்த்திய கட்டில் அப்படியே இருந்தது. முதுகு பின்னால் வளைந்தபடி ஐந்து நிமிடம் கிடந்தார் அவர். அன்றைய பாடத்தின்படி ஆகாத நிலை! எழுந்தவரோ, வாரக்கணக்காக இத்தனை நன்றாக இருந்ததில்லை என்றார். இன்னொருவர் அதிர்ஷ்டம் என்று விட்டிருப்பார். மெக்கென்சி விடவில்லை. அடுத்தடுத்த நோயாளிகளிடம் சோதித்தார், கவனித்தார். 1981இல் தன் முறையை விளக்கும் நூலை வெளியிட்டார். மறு ஆண்டே அவர் பெயரில் கல்வி நிறுவனம். பிசியோக்கள் இன்றும் அவர் முறையைப் படிக்கிறார்கள். அவர் தொடங்கியது பேராசிரியர் நாற்காலியில் அல்ல. நீ நிற்கும் அதே இடத்தில்.

இப்போது நம் மலேசியாவின் டெங்கிலைப் பார். புத்ராஜெயா எழும்பத் தோட்டங்களை விட்டு வந்த நம் குடும்பங்கள் தாமான் பெர்மாத்தாவில் வாழ்கின்றன. விடியுமுன் குனிந்து பால்மரம் வெட்டிய, வாளி சுமந்த பெரியவர்கள் அவர்கள். படியேறும்போது அந்த முழங்கால் என்ன பாடுபடுகிறது? கூடத்தில் பாய் விரித்து எந்தப் பயிற்சியை அவர்களால் விடாமல் செய்ய முடியும்? எங்கோ எழுதிய பாடநூலுக்கு இது தெரியாது. உனக்குத் தெரியும். நீ எழுதாமல் யார் எழுதுவது?

"என் நோயாளிகளை விட்டுவிட்டுக் கற்பிக்கப் போவதா?" என்கிறாய். நல்ல மனம் கேட்கும் கேள்விதான். ஆனால் உன் இரண்டு கைகள் ஒரு நாளில் எத்தனை பேரைத் தொடும்? நீ பயிற்றுவித்த பிள்ளை கிள்ளானில் பக்கவாதக்காரர் ஒருவரை எழுப்பி நிறுத்தும்போது, அங்கும் உன் கை இருக்கிறது. சிகிச்சையை அடியோடு விடவும் வேண்டாம். நோயாளியைத் தொடாத விரிவுரையாளரை மாணவர் நம்பமாட்டார்.

ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத வராதென்ற பயமா? பழகினால் வரும்.

நாளையே தொடங்கு. உன் நோயாளிகள் ஒவ்வொருவரும் ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தை முதல் நாள் அளந்து எழுது. ஆறு வாரம் கழித்து அதே அளவை மறுபடி எடு. அதை ஆய்வாக்க நினைத்தால் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலில் வாங்கு. பிசியோதெரபி பட்டப்படிப்பு நடத்தும் பல்கலைக்கழகம் பக்கத்துச் சைபர்ஜெயாவிலேயே இருக்கிறது. முதுகலைக்கு என்ன வழி என்று அங்கே போய்க் கேள். இந்த வாரமே கேள்!